மாமாவின் ஸ்டென்ட் நன்றாக இருக்கிறது, அப்பாவின் ஸ்டென்ட் ஏன் அடைத்தது?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் நைனாவுக்கு 58 வயது, தறி வைத்து லுங்கி நெய்கிறவர். 16 வருடமாகச் சுகர். போன வருடம் நெஞ்சு அடைக்கிறது என்று போனபோது ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். ஒரு வருடம் நன்றாக இருந்தார். இப்போது நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வலி இல்லை. மறுபடி ஆஞ்சியோ எடுத்ததில், வைத்த ஸ்டென்ட்டுக்குள்ளேயே 80 சதவீதம் அடைப்பு, மற்ற இரண்டு குழாய்களிலும் அடைப்பு, பைபாஸ்தான் வழி என்கிறார்கள். மூன்று மாதச் சர்க்கரை 10.2 இருப்பதால் மூன்று வாரம் இன்சுலின் போட்டுவிட்டு வரச் சொல்லித் தேதியையும் தள்ளிவிட்டார்கள். மட்டமான ஸ்டென்ட்டை வைத்து ஏமாற்றிவிட்டார்கள் என்கிறார் மாமா. அவருக்கு எட்டு வருடத்துக்கு முன் வைத்தது இன்றைக்கும் நன்றாக இருக்கிறது, அவருக்குச் சுகர் கிடையாது. நைனாவோ நெஞ்சைப் பிளக்க விடமாட்டேன், இன்னும் இரண்டு ஸ்டென்ட் வைத்துவிடச் சொல் என்கிறார். ஆபரேஷன் செய்தால் கார்த்திகை தீபத்துக்குக் கிரிவலம் போக முடியுமா என்றும் கேட்கிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மாமாவைப் பற்றி எழுதும்போது 'அவருக்குச் சுகர் கிடையாது' என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அதுதான். இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி, ஒரே அளவு ஸ்டென்ட் வைத்திருந்தாலும், 16 வருடம் சர்க்கரையோடு இருந்த குழாயும் சர்க்கரையே இல்லாத குழாயும் அதை ஒரே மாதிரி ஏற்றுக்கொள்வதில்லை.

முதலில் அந்த 'மட்டமான ஸ்டென்ட்' சந்தேகத்தை முடித்துவிடுவோம். வீட்டில் இது ஒரு மனக்கசப்பாகவே வளர்ந்துவிடும், அப்புறம் எந்த டாக்டர் எதைச் சொன்னாலும் நைனா நம்பமாட்டார். வைத்த ஸ்டென்ட்டின் பெயர், நீளம், அகலம், தயாரிப்பு எண் எல்லாம் இருக்கும் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியிலோ கேஸ் ஷீட்டிலோ ஒட்டியிருப்பார்கள். எடுத்துப் பாருங்கள். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு வைத்தபோது மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். விலை குறைந்ததால் சரக்கும் மட்டம் என்ற பேச்சு அப்போதிருந்தே ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் காரணம் சரக்கில் இல்லை.

என்ன நடக்கிறது என்றால், பலூனை ஊதி, ஸ்டென்ட் என்கிற கம்பிவலைக் குழலை விரிக்கும்போது குழாயின் உள்சுவரில் ஒரு காயம் உண்டாகிறது. எந்தக் காயத்தையும் ஆற்றுவதுபோல உடம்பு அதையும் புதுத் திசு வளர்த்து ஆற்றுகிறது. மெல்லிய தோலாக மூடி நின்றுவிட்டால் நல்லது. சர்க்கரை உள்ளவர்கள் சிலருக்கு அந்த வளர்ச்சி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், ஸ்டென்ட்டின் உள்பக்கமாகத் தடித்துக் குழாயைக் குறுக்கிவிடுகிறது. இதைத் தடுக்கத்தான் ஸ்டென்ட்டில் மருந்து பூசுகிறார்கள். அதனால் நிலைமை முன்பைவிட ரொம்பவே மேம்பட்டிருக்கிறது, ஆனாலும் சர்க்கரை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலான வித்தியாசம் மறையவில்லை. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் சர்க்கரைக்காரர்களுக்குச் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளவை.

இன்னொன்று, நோய் பரவியிருக்கும் விதம். நைனாவிடம் அவர் தொழிலை வைத்தே சொல்லுங்கள். தறியில் நீளமாக ஓடும் பாவு நூலில் ஒரு இழை அறுந்தால் முடிச்சுப் போட்டுப் பிணைத்துவிட்டு நெய்யலாம். பாவு முழுக்க நூல் நைந்துபோயிருந்தால், ஒரு இடத்தில் முடிச்சுப் போட்டால் நாலு விரற்கடை தள்ளி இன்னொரு இடத்தில் அறும். மாமாவுக்கு அறுந்தது ஒரு இழை. நைனாவுக்கு நூலே நைந்திருக்கிறது. நீண்ட நாள் சர்க்கரை இதயக் குழாய்களை ஓரிடத்தில் மட்டும் கெடுப்பதில்லை, நெடுக அரிக்கிறது, குழாயின் விட்டத்தையும் சிறிதாக்குகிறது. சிறிய குழாயில் வைத்த நீளமான ஸ்டென்ட்தான் மறுபடி அடைக்க அதிக வாய்ப்புள்ளது.

அதனால்தான் 'இன்னும் இரண்டு ஸ்டென்ட்' என்ற யோசனையை உங்கள் டாக்டர்கள் ஏற்கவில்லை. ஸ்டென்ட் அடைப்பு இருக்கும் அந்த ஓரிரு சென்டிமீட்டரைத் திறக்கும், அவ்வளவுதான். பைபாஸ் வேறு மாதிரி. கால்வாய் நெடுகத் தூர்ந்துபோனால் புதுக் கால்வாய் வெட்டிக் கீழ்மடையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுபோல, கெட்ட பகுதி முழுவதையும் தாண்டி, குழாயின் கீழ்ப்பகுதியில் புதுப்பாதை இணைகிறது. இன்றைக்கு இருக்கும் அடைப்பு மட்டுமல்ல, இரண்டு வருடம் கழித்து அதே மேல்பகுதியில் புதிதாக ஒரு அடைப்பு வந்தாலும், கீழே ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். புதுப்புது இடங்களில் அடைப்பு வரும் இயல்புள்ள சர்க்கரைக்காரருக்கு இது எவ்வளவு பெரிய காப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

இது ஊகமில்லை. பலூன் மட்டும் இருந்த காலத்திலேயே, 1990களின் நடுவில் வந்த 'பாரி' என்ற அமெரிக்க ஆய்வு, பல குழாய் அடைப்புள்ள சர்க்கரை நோயாளிகளில் பைபாஸ் செய்துகொண்டவர்களே அதிகம் பேர் உயிரோடிருந்தார்கள் என்று காட்டியது. மருந்து பூசிய ஸ்டென்ட் வந்த பிறகும் அப்படித்தானா என்று பார்க்க, 1,900 சர்க்கரை நோயாளிகளை வைத்து 'ஃப்ரீடம்' என்ற ஆய்வை நடத்தினார்கள். 2012-இல் முடிவு வந்தது. ஐந்து வருடத்தில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைச் சந்தித்தவர்கள் ஸ்டென்ட் பக்கம் நூற்றுக்கு ஏறத்தாழ 27 பேர், பைபாஸ் பக்கம் 19 பேர். இறந்தவர்களை மட்டும் எடுத்தால் ஸ்டென்ட் பக்கம் நூற்றுக்கு 16 பேர், பைபாஸ் பக்கம் 11 பேர். ஒரு விஷயத்தில் மட்டும் பைபாஸ் பின்தங்கியது. பக்கவாதம் ஸ்டென்ட் பக்கம் நூற்றுக்கு 2.4, பைபாஸ் பக்கம் 5.2. இதை உங்களிடம் மறைத்துவிட்டுப் பைபாஸுக்குப் போங்கள் என்று சொல்வது நியாயமில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் கழுத்து ரத்தக்குழாய்களை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டீர்களா என்று சர்ஜனைக் கேளுங்கள். அந்த ஆய்வில் வைத்தவை முதல் தலைமுறை ஸ்டென்ட்கள், இன்றைக்குக் கிடைப்பவை அவற்றைவிட நல்லவை என்பதும் உண்மைதான். அப்படியிருந்தும் மூன்று குழாய் அடைப்பும் சர்க்கரையும் சேர்ந்திருக்கும் ஒருவர், உடம்பு தாங்குமென்றால், பைபாஸ் செய்துகொள்வதே நல்லது என்பதுதான் என் கருத்தும்.

சர்க்கரை இருந்தால் ஸ்டென்ட்டே கூடாதோ என்று யாரும் பயந்துவிடக் கூடாது. ஒரு குழாயில் சின்ன அடைப்பு என்றால் ஸ்டென்ட் நன்றாக வேலை செய்யும். மாரடைப்பு வந்து துடிக்கும் நேரத்தில் சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் உடனே குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைப்பதுதான் உயிரைக் காப்பாற்றும். அந்த நேரத்தில் பைபாஸா ஸ்டென்ட்டா என்று வீட்டார் கூடிப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது.

நைனாவின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நெஞ்செலும்பைப் பிளப்பது என்றால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் நெஞ்சைத் திறப்பதில் ஒரு லாபமும் இருக்கிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால் இடது பக்கம் ஓடும் ஒரு ரத்தக்குழாயை எடுத்து, இதயத்தின் முன்பக்கம் இறங்கும் முக்கியக் குழாயோடு இணைப்பார்கள். அந்த இணைப்பு அசாத்தியமான ஆயுள் கொண்டது. பத்து வருடம் கழித்துப் பார்த்தாலும் பத்தில் ஒன்பது திறந்திருக்கும். காலிலிருந்து எடுக்கும் சிரைக்கு அந்த ஆயுள் கிடையாது, பத்து வருடத்தில் ஏறத்தாழ பாதி பழுதாகிவிடும். அதனால் 'நெஞ்சுக் குழாயை எடுத்து வைப்பீர்களா?' என்று சர்ஜனிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அவர் தப்பாக நினைக்க மாட்டார். நெஞ்சு ஆபரேஷன் நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 1940களின் இறுதியிலேயே ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் வேலூர் சி.எம்.சி.யில் அதற்கென்று தனித் துறை தொடங்கிவிட்டார். உங்கள் தெருவிலேயே பைபாஸ் செய்துகொண்டு தறியில் உட்காருகிறவர் யாராவது இருப்பார். அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு நைனாவோடு அரை மணி நேரம் பேசவிடுங்கள். நான் பேசுவதைவிட அது அதிகம் பலிக்கும்.

சரி, தேதியைத் தள்ளியதற்கு வருவோம். பலர் இதைத்தான் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பணம் கட்டவில்லை என்று தள்ளுகிறார்களோ, வேறு யாருக்கோ இடம் கொடுத்துவிட்டார்களோ என்று. உண்மையில் இது உங்கள் நைனாவுக்காக எடுத்த முடிவு. சர்க்கரை அதிகமாக இருக்கும் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் கிருமியோடு சரியாகப் போராடாது, புண்ணும் ஆறாது. பைபாஸுக்குப் பிறகு நான் மிகவும் பயப்படுவது நெஞ்செலும்பில் சீழ் பிடிப்பதற்குத்தான். இதய ஆபரேஷன் அருமையாக முடிந்து, பத்தாம் நாள் எலும்புப் புண்ணில் சீழ் வைத்து, ஒன்றரை மாதம் படுக்கையில் கிடந்த மனிதரைப் பார்த்திருக்கிறேன். அவருக்கும் மூன்று மாதச் சர்க்கரை பத்துக்கு மேல். அவர் மனைவி தினமும் ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் சோறு கட்டிக்கொண்டு வருவார். மூன்று வாரம் பொறுத்திருந்தால் அந்த அம்மாவின் அலைச்சல் மிச்சமாகியிருக்குமே என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும்.

மூன்று வாரத்தில் அந்த 10.2 பெரிதாக இறங்காது, ஏனென்றால் அது கடந்த மூன்று மாதத்தின் கணக்கு. அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். தினசரி அளவு இறங்குகிறதா என்பதே இப்போது முக்கியம். வெறும் வயிற்றில் 140-க்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 180-க்குள் வந்தால் நல்ல நிலை. வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்த்து நோட்டில் எழுதி வையுங்கள். ஆபரேஷன் அன்றும் அடுத்த சில நாட்களும் ஐ.சி.யு.வில் இன்சுலினைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி 180-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். இன்சுலின் போட்டால் கடைசிவரை போட வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். அப்படி ஒரு சட்டமும் இல்லை. புண் ஆறிய பிறகு மாத்திரைக்கே திரும்பியவர்கள் நிறையப் பேர்.

அவர் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் அட்டையோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று 'கிளிஃப்ளோசின்' என முடியும் பெயரில் ஏதாவது சர்க்கரை மாத்திரை இருந்தால் அழுத்திச் சொல்லுங்கள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்துகள்தான், ஆனால் பெரிய ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம். ரத்தம் கட்டாமலிருக்கத் தரும் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் உங்களாக நிறுத்தவே கூடாது. உள்ளே ஒரு ஸ்டென்ட் இருக்கிறது. எதை எந்த நாள் நிறுத்துவது என்று சர்ஜன் சொல்வார். பல் பிடுங்க வேண்டும் என்று பல் டாக்டர் சொன்னாலும் இதய டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான். சொத்தைப் பல் இருந்தால் அதை ஆபரேஷனுக்கு முன்பே சரிசெய்வது நல்லது, வாயிலிருக்கும் கிருமியும் ரத்தத்தில் போகும்.

இந்த மூன்று வாரத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வலி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீண்ட நாள் சர்க்கரை பாதத்தின் நரம்புகளை மரக்கச் செய்வதுபோல இதயத்தின் வலியைச் சொல்லும் நரம்புகளையும் மரக்கச் செய்கிறது. நைனாவுக்கு அந்த மூச்சு வாங்கல்தான் நெஞ்சுவலி. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, படுத்தால் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்தாலோ, காரணமில்லாமல் உடம்பு குளிர்ந்து வேர்வை ஊற்றினாலோ 'காஸ்' என்று சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அப்போது தேதி, மூன்று வாரம் எதுவும் கிடையாது.

பீடி பிடிப்பாரா என்று நீங்கள் எழுதவில்லை. நம் பக்கம் பீடி சுற்றாத தெரு குறைவு என்பதால் கேட்கிறேன். பிடிப்பவராக இருந்தால் இன்றைக்கே நிறுத்த வேண்டும். புது இணைப்பை அடைக்கச் சர்க்கரைக்குத் துணை போவதில் பீடிக்கு நிகர் வேறில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஒரு மாதம் தூக்கம் வராது, சின்ன விஷயத்துக்கும் அழுவார், எரிந்துவிழுவார். அது இயல்பு, போகப்போகச் சரியாகும். நெஞ்செலும்பு ஒன்றுசேர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடம் தூக்குவதோ, கையை ஊன்றி எழுவதோ, தறியில் உட்காருவதோ வேண்டாம். பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் வாங்கி வருவார்கள். அன்போடு வாங்கி வைத்துக்கொண்டு பேரப்பிள்ளைகளுக்குக் கொடுங்கள். புண் ஆற அவருக்கு வேண்டியது முட்டை, மீன், பருப்பு, கீரை. கேழ்வரகுக் களி சுகருக்கு நல்லது என்று இரண்டு மூன்று உருண்டை வைக்காதீர்கள். அதுவும் மாவுச்சத்துதான், அளவு கூடினால் சோறு மாதிரியே ஏற்றும். ஒரு சின்ன உருண்டை, நிறையக் கீரைக் குழம்பு என்றால் தாராளமாகச் சாப்பிடட்டும்.

கொழுப்பு மாத்திரையை ரிசல்ட் நார்மல் என்று நிறுத்திவிடுகிறவர்களைப் பார்த்து அலுத்துவிட்டேன். அவருக்குக் கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழே, முடிந்தால் 55-க்குக் கீழே இருக்க வேண்டும். அந்த மாத்திரையும் ஆஸ்பிரினும் ஆயுள் முழுக்க. மூன்று மாதச் சர்க்கரையை மெல்ல 7-ஐ ஒட்டிக் கொண்டுவாருங்கள், அவசரப்பட்டு இறக்கித் தாழ்சர்க்கரை வந்துவிடக் கூடாது. சுகர், பிரஷர் மாத்திரைகளை 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பெயரைப் பதிந்துகொண்டால் மாதாமாதம் மாத்திரை தீர்ந்துபோய் விட்டுப்போவது நிற்கும். செலவைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பைபாஸ் வரும். அட்டை இல்லையென்றால் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் கேட்டு இந்த மூன்று வாரத்துக்குள் வாங்கிவிடுங்கள்.

கிரிவலம். நைனா முதலில் நெஞ்சைப் பிளக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் கிரிவலம் போகலாமா என்று கேட்டிருக்கிறார். ஆபரேஷனுக்குப் பிந்திய நாட்களை அவர் மனதுக்குள் யோசிக்கத் தொடங்கிவிட்டார், அது எனக்கு மிகவும் சந்தோஷம். ஆனால் இந்த வருடத் தீபம் வேண்டாம். கூடியும் கூடாமலும் இருக்கும் நெஞ்செலும்போடு அந்தக் கூட்டத்தில் இடிபடக் கூடாது. தை கழிந்து, கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளில் போகலாம். அதற்கு முன் தினமும் வீட்டுப் பக்கத்தில் பத்து நிமிடத்தில் தொடங்கி முக்கால் மணி நேரம் வரை நடந்து பழகியிருக்க வேண்டும். 14 கிலோமீட்டரையும் நடக்க முடியாவிட்டால் பாதி நடந்து, மீதியை ஆட்டோவில் சுற்றட்டும்.

வெறுங்காலோடு மட்டும் வேண்டாம். 16 வருடச் சர்க்கரைக்காரரின் பாதத்துக்குச் சூடு தெரியாமல் போயிருக்கலாம். நம் ஊர் வெயிலில் கோயில் தரையில் நடந்து, கொப்புளம் வந்ததே தெரியாமல் வீட்டுக்கு வந்து, விரலை இழந்தவர்கள் இருக்கிறார்கள். சிரை எடுத்த காலில் அப்படி ஒரு புண் வந்தால் இன்னும் சிரமம். பால் பிராண்ட் என்ற டாக்டர் நம் வேலூரிலும் கரிகிரியிலும் தொழுநோயாளிகளின் மரத்த பாதங்களைப் பார்த்துப் பார்த்துத்தான், வலி தெரியாத காலுக்கு மெத்தென்ற செருப்பே முதல் மருந்து என்று உலகத்துக்குச் சொன்னார். எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பரில் செய்த அந்தச் செருப்பு இப்போது சுகர் நோயாளிகளுக்கும் கிடைக்கிறது. ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள், மலையைச் சுற்றும்போதும் அதைப் போட்டுக்கொள்ளட்டும்.

அடுத்த முறை போகும்போது முதல் ஸ்டென்ட்டின் டிஸ்சார்ஜ் சம்மரி, இரண்டு ஆஞ்சியோ சி.டி.க்கள், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட், சர்க்கரை நோட்டு நான்கும் கையில் இருக்கட்டும். மாமாவையும் உடன் அழைத்துப் போங்கள், அவர் கேட்க வேண்டியதை டாக்டரிடமே கேட்கட்டும். நைனாவுக்கு இந்த வயதில் இப்படி என்றால், நீங்களும் உங்கள் உடன்பிறந்தவர்களும் சர்க்கரையையும் கொழுப்பையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அன்றைக்கே அதே லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்துவிடலாம்.